நோ பார்க்கிங் போர்டு, குட்டி யானை, பூட்டிய ஸ்டில்ட்: வாசகர் கேள்வி-பதில்

இம்முறை வந்த கடிதங்களில் பாதி ஒற்றை வரிதான்: "எங்கள் தெருவில் பார்க்கிங் தொல்லை, என்ன செய்வது?" எந்த ஊர், தெரு எத்தனை அடி, சாலை மாநகராட்சியுடையதா நெடுஞ்சாலைத் துறையுடையதா என்று ஒரு சொல் இல்லை. அவற்றை ஓரமாக வைத்துவிட்டேன். விவரம் எழுதியவர்களுக்கு மட்டும் பதில்.

எதிர்வீட்டுக்காரர் வாசலில் 'நோ பார்க்கிங், மீறினால் காற்று பிடுங்கப்படும்' என்று போர்டு மாட்டி, இரண்டு பக்கமும் சிமென்ட் தொட்டி வைத்திருக்கிறார். இது செல்லுமா?
ஆர்.வி., மேற்கு மாம்பலம்

செல்லாது. சாலையில் போக்குவரத்துக் குறி வைக்கும் அதிகாரம், மோட்டார் வாகனச் சட்டம் 116ஆவது பிரிவின்படி, மாநில அரசுக்கும் அது அதிகாரம் கொடுத்த அமைப்புக்கும்தான் உண்டு. வேறு எவரும் வைக்கக் கூடாது என்றும் அதே பிரிவே சொல்கிறது. தொட்டி, மணல் மூட்டை, சங்கிலி கோத்த இரும்புக் கம்பி எல்லாம் ஆக்கிரமிப்பு. உள்ளாட்சி ஊழியர்கள் வண்டியில் ஏற்றிக்கொண்டு போகலாம். சென்னையில் 1913க்குச் சொல்லுங்கள். காற்றைப் பிடுங்கினால் வழக்கு அவர் மேல்தான்.

ஆனால் ஒன்று. அவருடைய கேட்டுக்கு நேராக நீங்கள் வண்டியை நிறுத்தினால், போர்டே இல்லாவிட்டாலும் குற்றம். ஒரு கட்டடத்தின் நுழைவாயிலை மறித்து நிறுத்தக் கூடாது என்று 2017ஆம் ஆண்டு வாகன ஓட்டுதல் ஒழுங்குமுறைகளில் இருக்கிறது. கேட் பத்தடி என்றால் பத்தடிக்குத்தான் பாதுகாப்பு. காம்பவுண்டு சுவரின் மீதி முப்பது அடிக்கு முன்னால் உள்ள சாலை அவருடையதல்ல, உங்களுடையதும் அல்ல. உங்கள் வீட்டுச் சாய்தளம் மழைநீர் வடிகாலைத் தாண்டிச் சாலைக்குள் மூன்றடி நீண்டிருந்தால், புகார் எழுதுமுன் அதை உடைத்து உள்ளே தள்ளுங்கள். ஆய்வுக்கு வருகிற ஆள் இரண்டு வீட்டையும்தான் பார்ப்பார்.

வட்டத்துக்குள் ஒரு கோடு, பெருக்கல் குறி என இரண்டு விதமாக நோ பார்க்கிங் போர்டு இருக்கிறதே, இரண்டும் ஒன்றா?
மு.க., திண்டுக்கல்

ஒன்றல்ல. நீலப் பின்னணியில் ஒற்றைச் சிவப்புக் கோடு என்றால் வண்டியை நிறுத்திவைக்கக் கூடாது, ஆளை இறக்கிவிட்டு உடனே நகரலாம். சிவப்புப் பெருக்கல் குறி என்றால் நிற்கவே கூடாது, இறக்கிவிடவும் கூடாது. கீழே சிறு பலகை இருந்தால் அதில் நேரமும் அம்புக்குறியும் இருக்கும். அம்பு எந்தப் பக்கம் காட்டுகிறதோ அந்தப் பக்கம்தான் தடை. அபராதம் கட்டியவர்களில் பலர் அந்தச் சிறு பலகையைப் படிக்காதவர்கள்.

நாலு இண்டிகேட்டரையும் போட்டுவிட்டு ஐந்து நிமிடம் நிறுத்தலாம் அல்லவா?
பெயர் இல்லை, கோவை

கூடாது. அந்த விளக்கு வண்டி பழுதானால் மற்றவரை எச்சரிக்கத்தான். காபி வாங்க அல்ல.

நாங்கள் ஜவுளி மொத்த வியாபாரிகள், ஒரே கட்டடத்தில் ஒன்பது கடை. சரக்கு இறக்க இடமே இல்லை. குட்டி யானை வந்து நின்றாலே 500 ரூபாய் சலான் போடுகிறார்கள். கீழே ஸ்டில்ட் பார்க்கிங் (தூண்களுக்கு நடுவே திறந்த தரைத்தள நிறுத்துமிடம்) இருந்தது, அது இப்போது கோடவுன். தெருவில் லோடிங்குக்கு இடம் ஒதுக்கித் தர மாநகராட்சியைக் கேட்கலாமா?
கடை உரிமையாளர்கள் சார்பில், மதுரை

நீங்களே எழுதியிருக்கிறீர்கள், "அது இப்போது கோடவுன்" என்று. இந்த வரிக்காகவே மற்றக் கடிதங்களைத் தள்ளிவைத்துவிட்டு இதை எடுத்துக்கொண்டேன்.

கணக்கைப் பாருங்கள். அடித்தளப் பார்க்கிங்கில் ஒரு காருக்கு, ஓடுபாதை, தூண், திரும்பும் இடம் எல்லாம் சேர்த்து, சுமார் 32 சதுர மீட்டர் என்று நகரமைப்புக் கணக்கு. தரைத்தள ஸ்டில்ட் என்றால் 28. உங்கள் ஸ்டில்ட் 350 சதுர மீட்டர் என்றே வைத்துக்கொள்ளுங்கள், பன்னிரண்டு கார். ஷட்டரை இறக்கி அதைப் பூட்டியதும் பன்னிரண்டு காரும் எங்கே போகும்? தெருவோரத்துக்கு. சாலைக்கு இணையாக நிறுத்தினால் ஒரு காருக்கு முன்னும் பின்னும் எடுக்கும் இடம் சேர்த்து 6 மீட்டர் வேண்டும். பன்னிரண்டுக்கு 72 மீட்டர். ஒரு சிறிய கடைத்தெருவின் ஒரு பக்கமே அவ்வளவுதான். ஒரு கட்டடம் ஒரு பக்கத்தை விழுங்கிவிட்டது. பக்கத்துக் கட்டடமும் இதையே செய்தால் எதிர்ப்பக்கமும் போச்சு. பிறகு குட்டி யானை நடுரோட்டில்தானே நிற்கும்?

மாசி வீதிகளிலும் தியாகராய நகரிலும் ஜார்ஜ் டவுனிலும் நெரிசலுக்குச் சொல்லப்படும் காரணங்களில் பாதி, பூட்டிய ஷட்டருக்குப் பின்னால்தான் இருக்கிறது. கொத்தவால் சாவடிக் காய்கறி வியாபாரத்தை 1996இல் கோயம்பேட்டுக்கு மாற்றினார்கள். லாரிகள் போயின. அந்தத் தெருக்கள் காலியாகவா கிடக்கின்றன? வேறு சரக்கு, வேறு வண்டி. இடத்தைத் தின்பவர்கள் இருக்கும்வரை இடம் கிடைக்காது.

எனவே முதல் வேலை, ஒப்புதல் பெற்ற வரைபடத்தை எடுப்பது. கட்டட உரிமையாளர் தரமாட்டார். 10 ரூபாய் கட்டணத்தோடு தகவல் உரிமைச் சட்டத்தில் பொதுத் தகவல் அலுவலருக்கு எழுதுங்கள், 30 நாளில் பதில் வர வேண்டும். "இந்தக் கதவு எண் கட்டடத்தின் அனுமதிக்கப்பட்ட வரைபடம், பணிநிறைவுச் சான்று ஆகியவற்றின் நகல்" என்று மட்டும் கேளுங்கள். "ஏன், எதற்கு, யார் அனுமதித்தது" என்று கேட்டால் அது தகவல் அல்ல என்று திருப்பி அனுப்புவார்கள். வரைபடத்தில் பார்க்கிங் கட்டங்களுக்கு எண் போட்டிருப்பார்கள். எண்ணிப் பார்த்து, தரையில் இருப்பதோடு ஒப்பிடுங்கள். வரைபடத்துக்கு மாறான கட்டடத்தைப் பூட்டி முத்திரையிட 1971ஆம் ஆண்டு நகர் ஊரமைப்புச் சட்டத்தின் 56, 57ஆம் பிரிவுகள் இருக்கின்றன. வாடகைக்காரரான உங்களுக்கும் சேர்த்துத்தான் பூட்டு விழும் என்பதை நினைவில் வையுங்கள். ஆகவே உரிமையாளரிடம் பேசி, அவராகவே ஷட்டரைத் தூக்கவைப்பது நல்லது.

ஸ்டில்ட் திறந்தபின் லோடிங் நேரம் கேளுங்கள். அதுவும் மாநகராட்சியிடம் மட்டும் அல்ல. நிறுத்துமிடம் ஒதுக்குவது மோட்டார் வாகனச் சட்டத்தின் 117ஆவது பிரிவு, அரசு அதிகாரம் அளித்த அமைப்பு உள்ளாட்சியைக் கலந்து செய்ய வேண்டியது. காவல் ஆணையர் உள்ள மாநகரத்தில் மனு ஆணையருக்கு, நகல் மாநகராட்சி ஆணையருக்கும் போக்குவரத்து உதவி ஆணையருக்கும். மற்ற ஊர்களில் மாவட்ட ஆட்சியருக்கு.

மனுவில் என்ன வேண்டும்? "பெரும் சிரமத்துக்கு ஆளாகிறோம்" என்ற பத்தி வேண்டாம். நாளொன்றுக்கு எத்தனை வண்டி, என்ன வகை, ஒவ்வொன்றும் எத்தனை நிமிடம் நிற்கிறது என்று ஒரு வாரம் குறித்து அட்டவணை போடுங்கள். இடத்தை மின்கம்ப எண்ணால் சொல்லுங்கள்: "14ஆம் கம்பத்திலிருந்து 15ஆம் கம்பம் வரை". "பெரிய டீக்கடை எதிரில்" என்று எழுதினால் போர்டு வேறெங்காவது நடப்படும். குட்டி யானை நீளம் ஏறக்குறைய 4 மீட்டர்தான், ஆனால் பின்கதவைத் திறந்து லோடுமேன் மூட்டையைத் தோளில் வாங்க இன்னும் ஒன்றரை, இரண்டு மீட்டர் வேண்டும். எனவே ஒரு வண்டிக்கு 6 மீட்டர் கேளுங்கள், லாரி வந்தால் 12. நாலு மீட்டர் கேட்டு வாங்கியவர்கள் மூட்டையை அடுத்த காரின் பானெட் மேல்தான் இறக்குகிறார்கள். தெருமுனையை ஒட்டிக் கேட்காதீர்கள். சந்திப்பிலிருந்து 50 மீட்டருக்குள் நிறுத்தத் தடை உண்டு, கேட்டாலும் கிடைக்காது. முழுநாளும் கேட்காதீர்கள். கடை திறக்குமுன் காலை இரண்டு மணி நேரம், மதியம் ஒன்றரை மணி நேரம் போதும்.

உத்தரவு வந்ததும் அறிவிக்கையின் நகலை வாங்கிக் கடையில் வையுங்கள். இதைத்தான் ஒவ்வொரு முறையும் எழுதுகிறேன். பணிக்கு வரும் காவலர் மாறிக்கொண்டே இருப்பார், நகல் மாறாது. சங்கத்தின் செலவில் நாமே மஞ்சள் பெயின்ட் அடித்துவிடலாம் என்று கிளம்பாதீர்கள். அது மேலே மேற்கு மாம்பலத்தார் எதிர்வீடு செய்த அதே குற்றம்.

எங்கள் தெரு இருபது அடி. இரண்டு பக்கமும் கார். குப்பை வண்டிகூட வருவதில்லை.
எஸ்.பி., திருச்சி

இருபது அடி என்றால் 6 மீட்டர். கண்ணாடி, ஓர இடைவெளி சேர்த்து ஒரு கார் 2 மீட்டரை எடுத்துக்கொள்ளும். இரு பக்கமும் நின்றால் மீதி 2 மீட்டர். தீயணைப்பு வண்டியின் அகலமே ஏறக்குறைய இரண்டரை. மனுவில் இந்த மூன்று வரிக் கணக்கை மட்டும் எழுதுங்கள், வேறு உருக்கம் தேவையில்லை. ஒரு பக்கம் மட்டும் நிறுத்தும்படி கேளுங்கள். எந்தப் பக்கம் என்று தெருவில் சண்டை வரும், கட்டாயம் வரும். ஒற்றைப்படைத் தேதியில் ஒரு பக்கம், இரட்டைப்படையில் மறுபக்கம் என்று மாற்றிக் கேட்டால் கையெழுத்து வாங்குவது எளிது. 31ஆம் தேதியும் அடுத்த 1ஆம் தேதியும் இரண்டுமே ஒற்றைப்படை என்பதைப் போர்டு எழுதும்போது யாராவது நினைவூட்டுங்கள்.

ஒரு வருடமாக ஒரு பழைய கார் வேப்பமரத்தடியில் கிடக்கிறது. நான்கு டயரும் தரையோடு. யாரிடம் சொல்வது?
ஜெ., வேலூர்

காவல் நிலையத்தில். பொது இடத்தில் ஆளில்லாமல் பத்து மணி நேரத்துக்கு மேல் கிடந்தாலே, சீருடையில் உள்ள காவல் அதிகாரி அப்புறப்படுத்த உத்தரவிடலாம் (மோட்டார் வாகனச் சட்டம், 127ஆவது பிரிவு). இழுத்துப்போகும் செலவு உரிமையாளர் தலையில். உங்களிடம் வேண்டியது ஆதாரம். பதிவெண் தெரிகிறமாதிரி ஒரு படம், பிறகு ஒரு சக்கரத்தின் காற்று வால்வு எந்தத் திசையில் இருக்கிறது என்று தெரியும்படி கிட்டத்தில் ஒரு படம். மூன்று நாள் கழித்து அதே இரண்டு படம். வால்வு அதே இடத்தில் இருந்தால் வண்டி நகரவில்லை. "நேற்றுதான் ஓட்டினேன்" என்று சொல்பவருக்கு இதுவே பதில்.

பேருந்து நிலையம் அருகே டூவீலருக்கு டோக்கன் போட்டு 20 ரூபாய் வாங்குகிறார்கள். போர்டில் 10 என்று இருக்கிறது. கேட்டால் "இஷ்டமிருந்தா விடு" என்கிறார்கள்.
பா.ல., கும்பகோணம்

போர்டு, டோக்கன் இரண்டையும் படம் எடுத்து மாநகராட்சி ஆணையருக்கு எழுதுங்கள். உள்ளாட்சி ஏலம் விட்ட ஸ்டாண்டு என்றால் விகிதம் குத்தகை நிபந்தனையில் இருக்கும். அதிகம் வாங்குவது நிபந்தனை மீறல், குத்தகையை ரத்து செய்யலாம். டோக்கனில் தொகை, தேதி, குத்தகைதாரர் பெயர் மூன்றும் அச்சாகியிருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் காசு கொடுக்காதீர்கள். ரசீது இல்லாத காசு யார் பைக்குப் போகிறது என்று கேட்க உங்களுக்கு வழியில்லாமல் போகும்.

'வாகனத்துக்கு நிர்வாகம் பொறுப்பல்ல' என்ற வாசகத்தைப் பார்த்து பயப்பட வேண்டாம். சாவியையும் வண்டியையும் ஒப்படைத்து டோக்கன் வாங்கினால், அது ஒப்பந்தச் சட்டப்படி ஒப்படைப்பு. கவனமாகப் பார்த்துக்கொள்ளும் கடமை அவர்களுக்கு உண்டு. ஒரு விடுதியில் ஊழியரிடம் சாவி கொடுத்து நிறுத்திய கார் திருடுபோன வழக்கில், விடுதி கைகழுவ முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2019இல் சொல்லிவிட்டது. தெருவோரத்தில் நீங்களே பூட்டிச் சாவியை எடுத்துக்கொண்டு, கட்டணம் மட்டும் கட்டிய வண்டிக்கு இதே வாதம் அவ்வளவு சுலபமாகச் செல்லாது.

காரை டோ செய்து கொண்டுபோனதில் கியர்பாக்ஸ் சத்தம் வருகிறது. நஷ்டஈடு கேட்கலாமா?
கி.ரா., சென்னை

கேட்கலாம், ஆனால் நீங்கள் காரை வெளியே எடுத்து, இரண்டு வாரம் ஓட்டிவிட்டுக் கேட்கிறீர்கள். யார்டிலேயே எழுத வேண்டியது இது. முன்சக்கர இயக்கக் காரைப் பின்பக்கம் தூக்கி, கியரில் இருக்கும்போதே இழுத்தால் கியர்பாக்ஸ் அடிபடும். முன்பக்கம் தூக்கி, ஹேண்ட்பிரேக் போட்டபடி இழுத்தால் பின் டயர் ஒரே இடத்தில் தேய்ந்து தட்டையாகும். அடுத்த முறை (வராமல் இருக்கட்டும்) பணம் கட்டுமுன் நான்கு பக்கமும் படம் எடுங்கள். சேதம் இருந்தால் ரசீதின் இரு பிரதியிலும் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். அபராதத்துக்கும் இழுவைக் கட்டணத்துக்கும் தனித்தனியே ரசீது கேளுங்கள்.

ஒரே இரவில் எங்கள் தெருவை ஒருவழிப் பாதை ஆக்கிவிட்டார்கள். அரசிதழில் வந்ததாகத் தெரியவில்லை. பழைய வழியிலேயே போகலாமா?
வழக்கறிஞர் என்று எழுதியிருக்கிறார், சேலம்

வழக்கறிஞர் மோட்டார் வாகனச் சட்டத்தின் 115ஆவது பிரிவைக் கடைசி வரை படித்திருக்கலாம். ஒரு மாதத்துக்கு மேற்படாத தடைக்கு அரசிதழ் அறிவிக்கை தேவையில்லை, உள்ளூரில் விளம்பரப்படுத்தினால் போதும். தேர்த் திருவிழாவுக்கும் குழாய் பதிக்கும் வேலைக்கும் தெருவை மூடுவது இப்படித்தான். ஒரு மாதம் தாண்டியும் தொடர்ந்தால் அறிவிக்கை நகலைக் கேளுங்கள், நகலைக் கேளுங்கள், நகலைக் கேளுங்கள். அதுவரை போர்டு சொல்வதைக் கேட்டு ஓட்டுங்கள். எதிரே வரும் லாரிக்குச் சட்ட நுணுக்கம் தெரியாது.

தள்ளுவண்டிகளை எல்லாம் தூக்கிவிட்டால் முப்பது கார் நிறுத்தலாமே?
ந.சு., தாம்பரம்

2014ஆம் ஆண்டு தெரு வியாபாரிகள் சட்டம் என்று ஒன்று இருக்கிறது. எந்த இடம் விற்பனைக்கு, எந்த இடம் கூடாது என்பதில் நகர விற்பனைக் குழுவின் பரிந்துரை வேண்டும். அதில் குறைந்தது 40 சதவீதம் வியாபாரிகளின் பிரதிநிதிகள். இடம் மாற்றுவதென்றால் 30 நாள் நோட்டீஸ். ஒரு தள்ளுவண்டி பிடிக்கும் இடம் உங்கள் காரில் நாலில் ஒரு பங்கு, அதைச் சுற்றி நாலு குடும்பம் பிழைக்கிறது. முப்பது காரும் யாருடையவை என்று நீங்கள் எழுதவில்லை.

பள்ளி முன்னால் வேகத்தடை போட எங்கள் நகர் நலச் சங்கமே சிமென்ட் வாங்கித் தரத் தயார்.
தலைவர், ஓசூர்

வேண்டாம். இந்தியச் சாலைக் குழும (IRC) விதிப்படி வேகத்தடை 3.7 மீட்டர் அகலம், நடுவில் 10 செ.மீ. உயரம், 17 மீட்டர் ஆரத்தில் வளைவு. 25 கி.மீ. வேகத்தில் முதுகு நோகாமல் ஏறி இறங்கும் வடிவம் அது. 40 மீட்டருக்கு முன்னால் எச்சரிக்கைப் போர்டு, மேலே கறுப்பு வெள்ளைப் பட்டை. சங்கங்கள் போடுவது ஒன்றரை அடி அகலத்தில் அரை அடி உயரச் சுவர். ராத்திரியில் பைக்கில் வருகிறவர் அதில் பறப்பார். சாலையின் உரிமையாளருக்கு மனுக் கொடுங்கள், மாநகராட்சிச் சாலையா மாநில நெடுஞ்சாலையா என்று முதலில் விசாரியுங்கள். தேசிய நெடுஞ்சாலை என்றால் கேட்கவே வேண்டாம்.

எங்கள் கடை முன்னால் ஆட்டோ ஸ்டாண்டு போர்டு, கொடிக்கம்பம். அனுமதி இருக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?
ஏ.எம்., நாகர்கோவில்

அதே 117, அதே 10 ரூபாய் மனு, அதே அறிவிக்கை நகல். எத்தனை ஆட்டோ நிற்க அனுமதி என்பதையும் கேளுங்கள். ஐந்துக்கு வாங்கி இருபது நிற்பதுதான் வழக்கம். பதில் வருமுன் டிரைவர்களிடம் வாய்த்தகராறு வேண்டாம்.

மூன்று வருடம் முன்பு விற்ற பைக்குக்கு நோ பார்க்கிங் அபராதம் எனக்கு வருகிறது.
த., ஈரோடு

பெயர் மாற்றாமல் விற்றிருக்கிறீர்கள். விற்றவர் 14 நாளில் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும், படிவம் 29. "வாங்கினவரே மாத்திக்குவார்" என்று நம்பி வெற்றுப் படிவத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுப்பவர்கள் எல்லோரும் இதைத்தான் எழுதுகிறார்கள். பதிவில் யார் பெயரோ அவர்தான் உரிமையாளர். விற்பனைக் கடிதம், வாங்கியவரின் அடையாள நகல் இருந்தால் எடுத்துக்கொண்டு இந்த வாரமே அலுவலகத்துக்குப் போங்கள். படத்தில் இருப்பது உங்கள் வண்டியே அல்ல என்றால் அது வேறு கதை. மின்சலான் தளத்தில் படத்தைப் பெரிதாக்கி எண்ணைச் சரிபாருங்கள். 3ஐ 8 என்றும், 1ஐ 7 என்றும் படித்துத் தவறான முகவரிக்கு அனுப்புவது நடக்கிறது. அப்படியானால் பணம் கட்டாமல் அங்கேயே ஆட்சேபணை பதிவு செய்யுங்கள். கட்டிவிட்டுத் தகராறு செய்ய முடியாது.

மண்டபத்தில் பார்க்கிங் இல்லை, முகூர்த்த நாளில் தெருவே அடைபடுகிறது.
ஒரே கையெழுத்தில் ஆறு கடிதம், தஞ்சாவூர்

ஆறு கடிதத்துக்கும் ஒரே பதில்: வரைபட நகல். மேலே மதுரைக்காரர்களுக்கு எழுதியதைப் படியுங்கள். ஏழாவது அனுப்ப வேண்டாம்.